ஒரே கூடு, வேறு வேறு மருந்து

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பலர் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பத்திரப்படுத்தி, புதுக் கேப்பு பொருத்தி, மருந்தை அளந்து கொட்டி, குண்டைச் செருகி வீட்டிலேயே தயார் செய்துகொள்கிறார்கள். அங்கே விற்கும் துப்பாக்கி மருந்துகள் நூற்றுக்கும் மேல். எதைப் போடுவது என்ற கேள்விக்குள் அருமையான இயற்பியல் இருக்கிறது.

இந்த மருந்து துப்பாக்கிக்குள் எரிகிறது, வெடிப்பதில்லை. வெடிபஞ்சு எனப்படும் நைட்ரோசெல்லுலோஸ் பஞ்சு வடிவிலேயே இருந்தவரை, ஒரே மூச்சில் பற்றித் துப்பாக்கிகளைப் பிளந்தது. 1884இல் பிரான்சின் பால் வியேய் அதை ஈதரிலும் ஆல்கஹாலிலும் குழைத்துத் தகடாக்கி, நறுக்கிக் காயவைத்தார். அந்தக் கெட்டியான துண்டு மேற்பரப்பிலிருந்து அடுக்கடுக்காக மட்டுமே எரிந்தது. புகையில்லா மருந்து பிறந்தது.

இன்றைய ரைஃபிள் மருந்து ஒன்றைக் கையில் கொட்டிப் பார்த்தால், கிராஃபைட் பூசிய கறுத்த குச்சித் துணுக்குகள் தெரியும். பலவற்றின் நடுவே மெல்லிய துளை இருக்கும். அதை வைத்ததற்குக் காரணம் உண்டு. வெளிப்புறம் எரிந்து சுருங்கச் சுருங்க உட்துளை அகலும். எரியும் பரப்பு ஏறத்தாழ மாறாமல் நிற்கும். மேல்தோலில் ஊறவைத்த வேதிப்பொருள் தொடக்க எரிதலை அடக்கிவைக்கும்.

இத்தனை ஏற்பாடும் எதற்கு? மூடிய இடத்தில் அழுத்தம் ஏறினால் மருந்து வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் மேலும் ஏறும். இந்தச் சுழலைத் தளர்த்துவது ஒன்றுதான்: குண்டு முன்னே நகர, அதன் பின்னால் இடம் விரிவது. குண்டு குழலை விட்டு வெளியேற நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கே ஆகிறது. அதற்குள் உச்ச அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல நாலாயிரம் மடங்கைத் தொடும்.

1906இல் வந்த .30-06 தோட்டாவின் குடும்பத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அதே கூட்டின் கழுத்தைச் சுருக்கி 1925இல் .270 வின்செஸ்டர் வந்தது. குண்டின் விட்டம் சுமார் 7 மி.மீ. அதற்கு முன்பே, 1922இல், கழுத்தை விரித்து .35 வீலன் செய்திருந்தார்கள்; விட்டம் சுமார் 9.1 மி.மீ. கூட்டின் கொள்ளளவு கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் குண்டு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் பின்னால் திறக்கும் இடம், வீலனில் ஒன்றரை மடங்குக்கும் அதிகம். ஆகவே அதற்கு 4895, 4064 என்ற எண்களால் அறியப்படும் விரைவான மருந்துகள் பொருந்துகின்றன. .270க்கோ 4831 போன்ற மெதுவான மருந்து வேண்டும். மாற்றிப் போட்டால்? வீலனில் 4831 கூடு நிறைய இருந்தும் அழுத்தம் எழாது. எரியாத துணுக்குகள் குழலில் தங்கும். .270இல் கூடு நிறைய 4895 போடுவது உயிரோடு விளையாடுவது. குழல் ஒன்றாகவே இருந்தாலும், குண்டின் எடை கூடினால் மருந்து இன்னும் மெதுவானதாக இருக்க வேண்டும். கனத்த குண்டு தயங்கித்தான் நகரும்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். சூடான மருந்து வேகமாக எரியும். நீலகிரியின் அருவங்காட்டுத் தொழிற்சாலைக்குப் பெயர் தந்த கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் கலந்திருந்தது. இந்த விஷயத்தில் அது பெயர்பெற்ற தொல்லை. இங்கிலாந்தின் குளிரில் சரியாக இருந்த தோட்டா இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வெப்பத்தில் அழுத்தம் மிகுந்து, சுட்ட கூடு துப்பாக்கிக்குள் இறுகிக்கொண்டது. வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்துத் தனித் தோட்டா செய்தார்கள். வெப்பத்தால் அதிகம் மாறாத மருந்துகள் இன்று கிடைக்கின்றன. வேட்டைக்குப் போகிறவர், நொடிக்குச் சில அடி வேகத்தை விட்டுக்கொடுத்தாவது அவற்றையே எடுப்பது நல்லது என்பேன்.

மருந்துகளை விரைவானது முதல் மெதுவானது வரை அடுக்கும் எரிவேகப் பட்டியல்கள் வரிசையை மட்டுமே சொல்லும், இடைவெளியைச் சொல்லாது. அவற்றை வைத்து அளவை ஊகிக்கக் கூடாது. மருந்தின் எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. 4831 முதலில் 20 மி.மீ. பீரங்கிக்கான மருந்து. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிஞ்சியதை ஹாட்ஜ்டன் நிறுவனம் வாங்கி விற்றது. அது எச் 4831. பிற்பாடு அதே எண்ணோடு ஐஎம்ஆர் 4831 கடைக்கு வந்தது. இது எச் 4831ஐவிட விரைவாக எரியும். ஒன்றின் அளவை மற்றதற்குப் போட்டால் அழுத்தம் எல்லை மீறும். புட்டியில் உள்ள பெயர் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள பெயரோடு எழுத்துப் பிசகாமல் பொருந்தாவிட்டால், அந்தப் புட்டியைத் திறக்கவே வேண்டாம்.