குட்டிப் பொம்மைக்கு நிழலை ஏன் தீட்ட வேண்டும்?

மேசை விளையாட்டுகளில் நிற்கும் 28 மில்லிமீட்டர் போர்வீரன் பொம்மைக்கு வண்ணம் பூசத் தொடங்குபவர்களுக்கு நியாயமான ஒரு சந்தேகம் எழும்: பொம்மையே முப்பரிமாணமாக இருக்கிறதே, அறை வெளிச்சம் தானாக நிழல் தராதா? தரும், ஆனால் போதாது. அந்த அளவில் அங்கியின் மடிப்பு ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. பல பக்கமிருந்தும் சிதறிவரும் ஒளி அதற்குள் எளிதாகப் புகுந்துவிடும். கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தால் அங்கி முழுவதும் ஒரே தட்டையான நிறமாகத் தெரியும். ஆகவே இருளையும் ஒளியையும் தூரிகைதான் மிகைப்படுத்தித் தர வேண்டும்.

அதற்கு எளிய வழி வாஷ் எனப்படும் நீர்த்த, அடர்நிற வண்ணம். பூசியதும் மேடுகளை விட்டு வழிந்து பள்ளங்களில் தேங்கும். பிரிட்டனின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் விற்கும் 'நல்ன் ஆயில்' இவ்வகையில் பிரபலம். இது ஒன்றே போதுமே என்பார்கள். சங்கிலிக் கவசத்துக்கும் விலங்குத் தோலின் ரோமத்துக்கும் போதும்தான். வழவழப்பான கேடயத்திலோ அது திட்டுத்திட்டாகக் காய்ந்து கறையாகிவிடும். அங்கே நீர் கலந்த மெல்லிய படலங்களாக நிழலை ஏற்றுவதே சரி. எல்லா நிறத்திலும் கறுப்பைக் கலந்து நிழல் செய்வதும் எனக்கு உவப்பில்லை. மஞ்சளில் கலந்தால் பச்சையோடிப் போகும். மஞ்சளுக்குப் பழுப்பு, சிவப்புக்கு ஊதா என்று தேர்ந்தால் நிழலிலும் நிறம் உயிரோடிருக்கும். வாஷ் நன்றாக உலர்ந்த பிறகு, மேல்நோக்கிய விளிம்புகளில் மூல நிறத்தையே சற்று வெளிறச் செய்து தொட்டுவிடுங்கள்.