கூலன்ட் தானாகக் குறையாது

மே மாதத்தில் மேட்டுப்பாளையத்தைத் தாண்டி, கல்லாறு வழியாகக் குன்னூர் சாலையில் ஏறியவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். வளைவின் ஓரத்தில் ஒரு கார் பானெட்டைத் திறந்தபடி நிற்கும். உள்ளேயிருந்து வெள்ளையாக ஆவி வரும். குழந்தைகள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருப்பார்கள்.

பர்லியாருக்குச் சற்று மேலே அப்படி நின்ற ஒரு காரைப் பார்த்து நானும் வண்டியை நிறுத்தினேன். கார்க்காரர் ஒரு துண்டை நாலாக மடித்து ரேடியேட்டர் மூடியின் மேல் வைத்துத் திருகப் போனார். எங்களுக்குப் பின்னால் லாரியை ஓரம்கட்டிய டிரைவர் ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "அண்ணா, தொறந்துராதீங்க. மூஞ்சி வெந்து போயிருமுங்க. அரை மணி நேரம் அப்படியே விடுங்க."

கார்க்காரர் கையை எடுத்துக்கொண்டு சொன்னார்: "போன வாரம்தாங்க தண்ணி ஊத்தினேன். அதுக்கு முந்தின வாரமும் ஊத்தினேன். எங்கதான் போகுதுன்னே தெரியல."

வண்டியின் நோய் முழுவதும் அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. பெட்ரோல் ஓட ஓடத் தீரும். இன்ஜின் ஆயில்கூடக் கொஞ்சம் எரியும். கூலன்ட் அப்படித் தீர்கிற பொருளே அல்ல. அதே மலையில் ஏறும் நீலகிரி ரயிலின் நீராவி இன்ஜின் ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் நின்று தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. அதன் தண்ணீர் ஆவியாகி, பிஸ்டனைத் தள்ளிவிட்டு வெளியே போய்விடுகிறது; ஆகவே மறுபடி பிடித்தாக வேண்டும். காரில் ஊற்றியது உள்ளேயே சுற்றிச் சுற்றி வர வேண்டும். மாதாமாதம் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஊற்றுவது வைத்தியம் ஆகாது, ஓட்டையைக் கண்டுபிடிப்பதுதான் வைத்தியம்.

உள்ளே நடப்பது இதுதான். பெட்ரோலோ டீசலோ எரியும்போது சிலிண்டருக்குள் வாயுவின் வெப்பம் ஒரு கணம் 2,000 டிகிரியைத் தாண்டும். சிலிண்டர் ஹெட் செய்யப்பட்டிருக்கும் அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். எரிபொருள் தரும் சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்சரில் போய்விடும். மிச்சத்தில் பெரும்பகுதியைச் சுமந்து வெளியேற்றுவது, சிறிய காரில் நாலைந்து லிட்டரே இருக்கும் இந்தக் கூலன்ட்.

வாட்டர் பம்ப் அதை இன்ஜினுக்குள் தள்ளுகிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்வரை தெர்மோஸ்டாட் என்கிற சிறிய வால்வு வழியை மூடி வைத்திருக்கும். 80, 90 டிகிரி வாக்கில் அதற்குள் இருக்கும் மெழுகு உருகி விரிந்து வழி திறக்கும். சூடான கூலன்ட் ரேடியேட்டருக்குப் போய்க் காற்றில் ஆறித் திரும்பும். வண்டி ஓடும்போது காற்று தானாக வரும். சிக்னலில் நிற்கும்போது ஃபேன் சுற்றும். இதில் ஏதாவது ஒன்று மக்கர் செய்தாலும் இன்ஜின் சூடேறும்.

எல்லாவற்றிலும் மலிவான பாகம் மூடி. அதைத்தான் யாரும் மதிப்பதில்லை. பலர் அதைக் குடத்து மூடி போல நினைக்கிறார்கள். உண்மையில் அது பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் வேலையைச் செய்கிறது. பெரும்பாலான கார்களில் அது வெளிக்காற்றைவிட ஏறக்குறைய ஒரு மடங்கு கூடுதல் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கிறது. அதனால் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 வரை கொதிக்காமல் நிற்கும். கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே தாங்கும்.

மூடியின் ரப்பர் வெடித்து அழுத்தம் நிற்காமல் போனால், ஊட்டியில் என்ன ஆகும் என்று பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பல கார்களில் ரேடியேட்டர் ஃபேன் 95 டிகிரிக்கு மேல்தான் சுற்றவே ஆரம்பிக்கும். அதாவது, மூடி கெட்டுப்போய், உள்ளே வெறும் தண்ணீரும் இருந்தால், ஃபேன் விழிப்பதற்கு முன்பே ரேடியேட்டர் கொதித்துவிடும். சில நூறு ரூபாயில் முடிகிற பாகம் அது. ரப்பர் இறுகியிருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

லாரி டிரைவர் கையைப் பிடித்ததற்கும் காரணம் இந்த அழுத்தம்தான். உள்ளே 115 டிகிரியில் தண்ணீர் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கிறது. மூடியைத் திறந்த கணமே அழுத்தம் போய்விடும். அடங்கியிருந்த சூடு அவ்வளவும் ஒரே நொடியில் தண்ணீரை ஆவியாக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் முழுதாக ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். முப்பதில் ஒரு பங்கு ஆவியானாலே ஐம்பது லிட்டர். அது கொதிநீரையும் தள்ளிக்கொண்டு முகத்தில் அடிக்கும். துண்டு உங்களைக் காப்பாற்றாது. மேல் ஹோஸைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை வைத்தபடி நிம்மதியாகப் பத்து எண்ண முடியாவிட்டால் மூடியைத் தொடக்கூடாது.

"நம்ம ஊர்ல பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு, பைப்புத் தண்ணி போதாதா?" என்று கேட்பவர்கள் நிறைய. கேள்வி நியாயமானது. தண்ணீர் தனியாக இருந்தால் கூலன்ட் கலவையைவிட நன்றாகவே சூட்டைச் சுமக்கும். ஆனால் கூலன்ட் ஊற்றுவது பனிக்காக மட்டும் இல்லை. அதில் கலந்திருக்கும் மருந்துகள் அலுமினியமும் இரும்பும் அரித்துப்போகாமல் காக்கின்றன. பம்பின் சீலையும் பாதுகாக்கின்றன. போர்வெல் தண்ணீரை ஊற்றிய ரேடியேட்டரை மெக்கானிக் பிரித்துப் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு, மெல்லிய குழாய்களில் பாதிக்குமேல் அடைத்திருந்தது. மெக்கானிக் கம்பியால் குத்தியபோது சுண்ணாம்பு போல உதிர்ந்தது. அடைத்த குழாயில் கூலன்ட் ஓடாது. ஓடாத இடத்தில் சூடு இறங்காது.

கடையில் கூலன்ட் இரண்டு விதமாக விற்கிறார்கள். ஒன்று அப்படியே ஊற்றுவது. இன்னொன்று கெட்டியானது, அதை டிஸ்டில்டு வாட்டரோடு பெரும்பாலும் சரிபாதியாகக் கலக்க வேண்டும். கெட்டியானதைக் கலக்காமல் ஊற்றினால் கூடுதல் பலன் என்று நினைப்பது தவறு. சூட்டைச் சுமக்கும் சக்தி குறைந்துபோகும். நிறத்தை நம்பியும் வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிகள் அவரவர் விருப்பப்படி போடும் சாயம். ஒரே நிறத்தில் வேறு வேறு மருந்து இருக்கலாம். பொருந்தாத இரண்டைக் கலந்தால் அரிப்பைத் தடுக்கும் மருந்து வீணாகும், சில சமயம் கூழாகத் திரிந்தும் போகும். வண்டியோடு வந்த கையேட்டில் எந்த வகை, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கும். அதையே பின்பற்றுங்கள்.

இதோடு ஒன்று. பெரும்பாலான கூலன்ட்டுகளில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். மிச்சத்தைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தரையில் சிந்தியதை நாய் நக்காமல் உடனே கழுவிவிடுங்கள்.

இப்போது ஓட்டைக்கு வருவோம். காருக்கு அடியில் ஈரம் தெரிந்தால் முதலில் ஏசி தண்ணீரா என்று பார்க்க வேண்டும். ஏசி தண்ணீர் தெளிவாக, வாசனையில்லாமல் இருக்கும். கூலன்ட் நிறமாக, விரலில் தொட்டால் பிசுபிசுப்பாக இருக்கும். லேசான இனிப்பு வாசனையும் வரும். சந்தேகமிருந்தால் இரவில் இன்ஜினுக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வைத்து, காலையில் பாருங்கள். எந்த இடத்தில் சொட்டியிருக்கிறது என்பதை வைத்தே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஹோஸ் கிளிப் தளர்ந்த இடம், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளை, எல்லாவற்றிலும் காய்ந்த உப்புப் போல ஒரு தடம் இருக்கும். எலி கடித்த ஹோஸையும் மறக்காதீர்கள். ஒரு வாரம் நிறுத்தி வைத்த வண்டியை எடுக்கும்போது பானெட்டைத் திறந்து பார்ப்பது நல்லது.

வெளியே சொட்டே இல்லாமல் குறைகிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் ரேடியேட்டர் ஒழுகினால் முன்சீட்டின் கால்விரிப்பு நனையும், கண்ணாடியில் பிசுக்கு படியும். அங்கும் இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட் வழியாகச் சிலிண்டருக்குள் போகலாம். சூடான இன்ஜினிலிருந்து விடாமல் வரும் வெள்ளைப் புகையும், ஆயில் மூடியின் அடியில் மோர் போலத் திரிந்த ஆயிலும் அதற்கு அடையாளம். மெக்கானிக்கிடம் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ஆறிய ரேடியேட்டரில் கை பம்பால் காற்றை ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒழுக்கு அதில் மாட்டிக்கொள்ளும். ஒழுக்கை அடைக்கும் பவுடரை ஊற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது ஓட்டையை மட்டும் பார்த்து அடைக்காது, நல்ல குழாயையும் சேர்த்து அடைக்கும்.

ஓட்டும்போது வெப்ப முள்ளின் மேல் ஒரு கண் இருக்கட்டும். இன்றைய பல சிறிய கார்களில் முள்ளே இல்லை. இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, நடுவில் ஒன்றுமில்லை. சிவப்பு எரியும்போது ஏற்கனவே தாமதமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வெப்பத்தை அளக்கும் சென்சார் கூலன்ட்டில் முங்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். கூலன்ட் முழுக்க வெளியேறிவிட்டால் அது வெறும் காற்றில் நிற்கும். அப்போது முள் இறங்கவும் கூடும். மேலே ஏறிய முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதியடையாதீர்கள். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

மலை ஏறும்போது மூன்றாவது கியரில் இன்ஜின் திணறினால் இரண்டுக்கு இறக்குங்கள். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் பெரும்பாலான வண்டிகளில் பம்பும் வேகமாகச் சுற்றும். முள் வழக்கத்தைவிட மேலே ஏறுவது தெரிந்தால் ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து அதன் ஃபேனையும் முழுதாகத் திறந்துவிடுங்கள். வியர்த்துக் கொட்டும்தான். ஆனால் அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர். நிறுத்த இடம் கிடைக்கும்வரை கைகொடுக்கும். சிவப்பைத் தொட்டுவிட்டால் "அடுத்த ஊர் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்ற கணக்கே வேண்டாம்.

அந்த இரண்டு கிலோமீட்டருக்கு என்ன விலை? ஒரே அளவு சூட்டில் அலுமினியம் இரும்பைவிட இரண்டு மடங்கு விரியும். இரும்பு பிளாக்கின் மேல் போல்ட் போட்டு இறுக்கிய அலுமினிய ஹெட், விரிய இடமில்லாமல் வளைந்துகொள்கிறது. பல சிறிய இன்ஜின்களில் ஹெட்டின் தளம் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் கோணக்கூடாது என்று கம்பெனிகள் வரையறுத்திருக்கின்றன. அது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அதைத் தாண்டினால் இன்ஜினைப் பிரித்து, ஹெட்டை லேத்துக்கு அனுப்பி, ஃபேசிங் போட்டு, புதுக் கேஸ்கெட் வைத்து மூட வேண்டும். சில நூறு ரூபாய் மூடியிலோ கிளிப்பிலோ முடிந்திருக்க வேண்டியது பல ஆயிரங்களுக்குப் போய்விடும்.

நிறுத்தியதும் இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஆவி அடங்கும்வரை பானெட்டை முழுதாகத் தூக்காதீர்கள். சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றலாம், விரலை உள்ளே விடாதீர்கள். குறைந்தது அரை மணி, முடிந்தால் முக்கால் மணி நேரம் ஆறட்டும். அதற்குள் இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடும். ஆறிய பிறகு துணி போட்டு மூடியைக் கால் சுற்று திருகி, சீற்றம் அடங்கியதும் முழுதாகத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அந்த நேரத்துக்கு வாட்டர் பாட்டில் தண்ணீர் போதும். ஊற்ற ஊற்றக் கீழே ஒழுகினால் வண்டியை எடுக்காமல் டோ வண்டிக்குப் போன் செய்யுங்கள். ஊர் திரும்பியதும் அந்தத் தண்ணீரை இறக்கிவிட்டுச் சரியான கூலன்ட் நிரப்பச் சொல்லுங்கள். நிரப்பும்போது உள்ளே சிக்கிய காற்றையும் எடுக்க வேண்டும். காற்று அடைத்த இடத்தில் கூலன்ட் நகராது. முந்தின நாள் வேலை பார்த்த வண்டி மறுநாள் மறுபடி கொதிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

நாளைக் காலை வண்டியை எடுப்பதற்கு முன், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, பானெட்டைத் திறந்து கூலன்ட் தொட்டியைப் பாருங்கள். மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் மட்டம் எங்கே நிற்கிறதோ, அங்கே மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுத் தேதியை எழுதுங்கள். அடுத்த மாதம் அதே போலக் காலையில் பாருங்கள். புதிதாக நிரப்பிய வண்டி என்றால் முதல் சில நாளில் காற்று வெளியேறி மட்டம் சற்று இறங்கலாம். மற்றபடி அதே கோட்டில் நிற்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கியிருந்தால், ஊற்றி மூடிவிட்டுப் போகாமல், அன்றைக்கே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.