கேளிக்கைப் பூங்காக்களின் கதை – 9: தொட்டால் பேசும் ஊர்

கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் இருக்கிறது டிஸ்னிலேண்ட். அதன் வட கோடியில் ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போனால் மிக்கி மவுஸின் ஊர். பெயர் மிக்கிஸ் டூன்டவுன், திறந்தது 1993 ஜனவரியில். அங்கே நேர்கோட்டைப் பார்ப்பது அரிது. சுவர்கள் தொந்தி தள்ளி நிற்கின்றன, கூரைகள் ஒரு பக்கமாகச் சாய்கின்றன, ஜன்னல்கள் கோணிக்கொண்டு இருக்கின்றன. காகிதத்தில் இப்படி ஒரு வீட்டை வரைய ஓவியருக்கு ஒரு நிமிடம் போதும். நிலநடுக்கம் வருகிற மாநிலத்தில் அதையே ஆட்கள் நடமாடும் கட்டடமாக நிறுத்திக் காட்டுவது பெரிய வேலை.

இந்த ஊருக்கு வித்திட்டது ஒரு சினிமா. 1988இல் ராபர்ட் ஸெமெக்கிஸ் இயக்கிய ‘ஹூ ஃப்ரேம்டு ரோஜர் ராபிட்’ படத்தில், லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டி கார்ட்டூன் பாத்திரங்கள் குடியிருக்கும் ஓர் ஊர் வரும். திரையில் இருந்த அந்த ஊரைத்தான் தரைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆனால், கட்டடங்களின் கோணலைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. கேளிக்கைப் பூங்காவுக்குப் போகும் மூன்று வயதுப் பிள்ளை அன்று முழுக்கக் கேட்பது “தொடாதே”, “ஓடாதே”, “உனக்கு இன்னும் உயரம் பத்தாது”. டூன்டவுனைக் கட்டியவர்கள் அந்தப் பிள்ளையின் கையை நினைத்துக் கட்டினார்கள். பட்டாசு ஆலையின் வாசலில் ஒரு கைப்பிடி. அதை அழுத்தினால் உள்ளே படபடவென்று வெடிச் சத்தம் கிளம்பும். தெருவில் கிடக்கும் மரப்பெட்டியின் மூடியைத் தூக்கினால் உள்ளேயிருந்து ஏதாவது குரல் கொடுக்கும். சாக்கடை மூடியை மிதித்தால் கீழே யாரோ பேசுவார்கள். மின்னியின் சமையலறையில் அடுப்பின் குமிழைத் திருகினால், கண்ணாடிக்குப் பின்னால் கேக் மெல்ல உப்பி எழும். இதற்கெல்லாம் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். குமிழைத் திருகியது தன் கை, கேக் எழுந்ததும் அதனால்தான் என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். அது போதும், உடனே இன்னொரு முறை திருகும்.

குறை ஒன்று இருந்தது. அந்த ஊரில் பெரும்பாலும் கெட்டித் தரைதான். தெற்குக் கலிஃபோர்னிய வெயிலில் கைக்குழந்தையை இறக்கிவிட இடம் தேட வேண்டியிருந்தது. 2022 மார்ச்சில் டூன்டவுனை மூடி, ஏறக்குறைய ஓராண்டு வேலை பார்த்து, 2023 மார்ச் 19 அன்று மறுபடி திறந்தார்கள். இப்போது நடுவில் புல்வெளி இருக்கிறது. ஒரு மரத்தின் புடைத்த வேர்களுக்கு மேலும் கீழும் பிள்ளைகள் தவழ்ந்து போகலாம். வால்ட் டிஸ்னி சிறுவனாக இருந்தபோது மிசௌரியின் மார்சலின் ஊரில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கனவு காண்பாராம், அந்த மரத்தின் நினைவாக வைத்தது இது. வண்ணங்களின் பளீரென்ற கூச்சத்தையும் தணித்திருக்கிறார்கள். கூட்டத்தையும் இரைச்சலையும் தாங்க முடியாத பிள்ளைகளையும் மனத்தில் வைத்துச் செய்த மாற்றம் இது. பூங்காவில் காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு அடி நிலத்திலும் ஏதாவது விற்க முடியும். அங்கே புல்லை வளர்க்கத் துணிந்ததை மனதாரப் பாராட்டுகிறேன்.

டிஸ்னிலேண்ட் என்ற யோசனையே லாஸ் ஏஞ்சலிஸின் க்ரிஃபித் பூங்காவில் பிறந்ததாக வால்ட் சொல்லியிருக்கிறார். மகள்கள் இருவரும் குடை ராட்டினத்தில் சுற்ற, அவர் பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே விளையாட ஓர் இடம் வேண்டும் என்று அங்கே தோன்றியது. டூன்டவுனின் சிறிய ரோலர் கோஸ்டரில் ஏறுவதற்குக்கூட 35 அங்குல உயரம் வேண்டும். ஊர் முழுதாக மறுபடி திறப்பதற்கு முன்பே, 2023 ஜனவரியில் அங்கே வந்த ‘மிக்கி அண்ட் மின்னிஸ் ரன்அவே ரயில்வே’க்கு உயரக் கட்டுப்பாடே கிடையாது. தண்டவாளம் இல்லாமல் தானே வழி கண்டு ஓடும் பெட்டிகள் அதில். மடியில் பேரனை வைத்துக்கொண்டு பாட்டியும் ஏறலாம், யாரும் வெளியே பெஞ்சில் காத்திருக்க வேண்டியதில்லை.

(தொடரும்)