காட்டுப் பறவை இறைச்சியும் ஈயமும்

இடம்பெயர்ந்து திரும்பும் குடும்பங்களுக்கு முதலில் கைகொடுப்பவை காடும் குளமும் கடலுமே. 2006ஆம் ஆண்டு இடம்பெயர்ந்த சம்பூர் மக்களுள் பலருக்குத் தம் காணிகளில் மீண்டும் கால்வைக்க 2015, 2016 வரை ஆயிற்று. இவ்வாறு திரும்பியவர்களின் வயல் விளைந்து, கோழி பெருகும்வரை கறிக்குப் புறாவும் தாராவும் அகப்பட்டால் யாரும் வேண்டாமென்பதில்லை. அவ்விறைச்சியில் என்னென்ன இருக்கின்றன என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

வேண்டியவையும் வேண்டாதவையும்

எந்த உயிரின் உடலும் மூலகங்களால் ஆனது. பறவையின் தசையிலும் ஈரலிலும் உள்ள இரும்பு, நாகம், செப்பு ஆகியவை நமக்குத் தேவையானவை. இரத்தம் ஊறுவதற்கு இரும்பு வேண்டும். ஆனால் ஈயம், இரசம், கட்மியம் ஆகியவற்றால் உடலுக்கு எந்தப் பயனும் இல்லை. ஈயம் எலும்பிலும் ஈரலிலும், கட்மியம் சிறுநீரகத்திலும் தங்கிவிடும். மூலகம் என்பதால் இவை அவித்தாலும் பொரித்தாலும் அழிவதில்லை.

ஈயம் எப்படி வருகிறது?

பறவையின் உடலில் ஈயம் இரு வழிகளில் சேர்கிறது. முதலாவது, இடியன் துவக்கிலும் தோட்டாவிலும் போடும் ஈயச் சன்னம். அது உடலைத் துளைக்கும்போது எலும்பில் மோதிச் சிதறும். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்துக்கு அப்பாலும் இறைச்சியில் பரவும். பிரித்தானியாவில் வேட்டைப் பறவைகள் ஆறு இனங்களை எக்ஸ் கதிர் மூலம் சோதித்த ஆய்வொன்று 2010இல் வெளியானது. சமைத்தபின் சன்னங்களைப் பொறுக்கி எடுத்த இறைச்சியிலும், பல பறவைகளில் ஈயம் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. வளர்ப்புக் கோழி இறைச்சிக்குச் சர்வதேச உணவு நியமம் வைத்துள்ள எல்லை அதுவே.

இரண்டாவது, பறவைக்குப் பல் இல்லை. தானியத்தை அரைப்பதற்காக அது சிறு கற்களை விழுங்கும். குளத்துச் சேற்றில் கிடக்கும் சன்னத்தையும் கல்லென்று எண்ணி விழுங்கிவிடும். வயிற்று அமிலத்தில் ஈயம் கரைந்து இரத்தத்தில் கலக்கும். பறவை மெலிந்து, சிறகு தொங்கி, பறக்க முடியாமல் கிடக்கும். இதனாலேயே ஐக்கிய அமெரிக்கா 1991 முதல் நாடெங்கும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயச் சன்னத்தைத் தடைசெய்தது. டென்மார்க் 1996இல் அதை முற்றாக நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சதுப்பு நிலங்களில் 2023 பெப்ரவரியில் தடை நடைமுறைக்கு வந்தது.

பிள்ளைகளுக்கே கூடுதல் கேடு

உணவிலுள்ள ஈயத்தில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கையே வளர்ந்தவரின் உடல் உறிஞ்சும். சிறுவரின் உடலோ பாதியளவை உறிஞ்சக்கூடும். இரத்தசோகை, வயிற்றுநோ, படிப்பில் மந்தம் என்பன விளைவுகள். தாயின் எலும்பில் தேங்கிய ஈயம் கருவிலுள்ள பிள்ளையையும் சேரும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

விதைநெல் பற்றியும் ஒரு சொல்

சுவீடனில் 1950களில் விதைத் தானியத்துக்கு இரச மருந்து பூசினார்கள். அதைக் கொத்திய வயற் பறவைகள் இறந்தன. உடல்களைச் சோதித்தபோது இரசம் வெளிப்பட்டது. 1966இல் அம்மருந்து நிறுத்தப்பட்டது. ஆனால் ஈராக்கில் 1971-72இல், விதைப்பதற்கென வந்த அத்தகைய தானியத்தைப் பசியால் மாவாக்கி ரொட்டி சுட்டார்கள். சாக்கில் இருந்த எச்சரிக்கை அவர்கள் அறியாத மொழியில் இருந்தது. சாயத்தைக் கழுவினால் நஞ்சும் போய்விடும் என்று நம்பினார்கள். 6,530 பேர் வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 459 பேர் இறந்தனர். ஆகவே நிவாரணமாகக் கிடைக்கும் விதைக்கு மருந்து பூசப்பட்டிருந்தால், அதை நாமும் உண்ணக்கூடாது, கோழிக்கும் போடக்கூடாது.

செய்யவேண்டியவை

1. சுட்ட பறவையை இயன்றவரை தவிர்க்கவும். கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் கொடுக்கவே வேண்டாம். காட்டுக்கோழி நமது தேசியப் பறவை. அதனுடன் பெரும்பாலான காட்டுப் பறவைகளையும் சட்டம் பாதுகாக்கிறது என்பதையும் நினைவிற் கொள்ளவும்.

2. அப்படியும் சமைக்க நேர்ந்தால், காயத்தைச் சுற்றியுள்ள தசையைத் தாராளமாக வெட்டி, நாய் பூனை தொடாதபடி ஆழப் புதைக்கவும். ஈரலை எறிந்துவிடவும். பழப்புளி, தேசிக்காய், வினாகிரி சேர்க்க வேண்டாம். புளிப்பு ஈயத்தைக் கரைக்கும்.

3. பறக்க முடியாமல் தானாகவே கைக்கு அகப்படும் பறவையை உண்ணாதீர்கள். அது ஈயத்தாலோ பூச்சிமருந்தாலோ நோயாலோ வீழ்ந்ததாக இருக்கலாம்.

4. வலைக்கு ஈயம் உருக்குவோரும் பழைய பற்றறி உடைப்போரும் அதை வீட்டு முற்றத்தில் செய்யாதிருக்கட்டும். சமையற் சட்டியை அதற்கு எடுக்கவே கூடாது.

5. முருங்கை இலை, முள்ளோடு உண்ணும் நெத்தலி போன்றவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். உடலில் இரும்பும் கல்சியமும் போதியளவு இருந்தால் ஈயம் குறைவாகவே உறிஞ்சப்படும்.

பத்துக் கோழிகள் வளர்க்க இடமுள்ள குடும்பம் அதைத் தொடங்கட்டும். பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றுநோவும் வெளிறலும் இருந்தால், வீட்டில் ஈயப் புழக்கம் உண்டு என்பதையும் வைத்தியரிடம் மறவாமல் சொல்லுங்கள்.