‘கொஞ்சம் போச்சு’ன்னா போதுமா? பிரசவத்துக்கு அப்புறம் ஒரு ஸ்கேன்

பிரசவ வார்டுல குழந்தையைப் பத்தி நூறு கேள்வி வரும். அம்மாகிட்ட “யூரின் போச்சா?”ன்னு கேக்குறது பெரும்பாலும் நர்ஸ் மட்டும்தான். “கொஞ்சம் போச்சு சிஸ்டர்”னு பதில் வரும். அந்தக் ‘கொஞ்சம்’தான் இன்னைக்கு நம்ம விஷயம்.

குழந்தை இறங்கி வரும்போது தலை, இடுப்பு நரம்புகளை அழுத்துது. முதல் பிரசவம், ரொம்ப நேரம் நீடிச்ச வலி, ஆயுதம் போட்டு எடுத்தது, முதுகுல போடுற எபிடியூரல் ஊசி, இதெல்லாம் இருந்தா சிறுநீர்ப்பை மரத்துப்போக வாய்ப்பு அதிகம். நிறைஞ்சாலும் முட்டுற உணர்வு வராது. 6 மணி நேரமாகியும் போகவே இல்லைன்னா உடனே தெரிஞ்சிடும். இன்னொரு வகை உண்டு: கொஞ்சம் போகும், மிச்சம் உள்ளேயே நிக்கும். போய் முடிச்ச பிறகும் 150 மில்லிக்கு மேல நின்னா, அது சிறுநீர்த் தேக்கம்.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? முன்னாடி டியூப் போட்டு அளந்தாங்க. அதுல வலி, கிருமித் தொற்று பயம் ரெண்டும் இருக்கு. அல்ட்ராசவுண்ட்ல அடிவயித்துல ஜெல் தடவிப் பார்த்தாப் போதும். நீளம், அகலம், உயரம் மூணையும் பெருக்கி, 0.52ஆல பெருக்கணும். 12, 10, 8 சென்டிமீட்டர்னா கிட்டத்தட்ட 500 மில்லி. அரை லிட்டர்!

இது ஏன் முக்கியம்? நிறைஞ்ச பை கர்ப்பப்பையைச் சுருங்க விடாது, ரத்தப்போக்கு கூடலாம். பை அளவுக்கு மீறி விரிஞ்சா அதோட தசையும் பலவீனமாகும். சீக்கிரம் கண்டுபிடிச்சு டியூப் வழியா வடிச்சா, பெரும்பாலானவங்களுக்குச் சில நாள்ல சரியாயிடும்.

எங்க தேனிப் பக்கம் “பச்ச உடம்பு, தண்ணி ரொம்பக் குடிக்காத”ன்னு பெரியவங்க சொல்வாங்க. அதனால யூரின் குறைவா போனாலும் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. மேகமலை எஸ்டேட்டுக்குத் திரும்பிட்ட ஒரு அம்மாவுக்கு ராத்திரி அடிவயிறு வீங்கினா, கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி சின்னமனூர் வரணும். பெரிய ஆஸ்பத்திரின்னா கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி வரைக்கும் போகணும். டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே பார்க்குறது எவ்வளவோ மேல்.

உங்க அக்காவோ மனைவியோ வார்டுல இருந்தா இதை ஞாபகம் வச்சுக்கோங்க. எத்தனை மணிக்குப் போனாங்க, எவ்வளவு போனாங்கன்னு குறிச்சு வைங்க. திணறிப் போனாலோ, சொட்டுச் சொட்டா வந்தாலோ, “மிச்சம் நிக்குதான்னு ஸ்கேன்ல பார்க்கலாமா டாக்டர்?”னு கேளுங்க. இதுல கூச்சப்பட ஒண்ணுமில்ல.