மொதல்ல கேட்டை அளந்துட்டு வாங்க

வீட்டில் ஒரு சின்ன லேத் போட்டவர்களுக்குக் கொஞ்ச நாளிலேயே அடுத்த ஆசை வந்துவிடும். உருண்டையான எதையும் லேத்தில் கடைந்துவிடலாம். ஒரு முகம் தட்டையாக வேண்டும், ஷாஃப்டில் கீவே போட வேண்டும், நாலு துளை சொன்ன இடைவெளியில் விழ வேண்டும் என்றால் அது கையை விரித்துவிடும். லேத்தில் ஜாப் சுற்றும், டூல் நிற்கும். மில்லிங்கில் ஜாப் நிற்கும், கட்டர் சுற்றும். இங்கிலாந்தில் வீட்டுப் பட்டறைக்காரர்கள் பல காலம் மில்லிங் மெஷினே இல்லாமல், லேத்தின் மேல் ஒரு வெர்டிகல் ஸ்லைடை மாட்டிச் சமாளித்தார்கள். சமாளிக்கலாம்தான், ஆனால் பொறுமை வேண்டும்.

கோவையில் பம்ப் கம்பெனி டூல்ரூமில் காலம் தள்ளியவன் என்பதால், கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்துப் பையன்கள் என்னிடம் யோசனை கேட்க வருவதுண்டு. வீட்டில் குட்டி நீராவி இன்ஜின் செய்கிற ஒரு தம்பி போன மாதம் வந்தார்.

“ஏனுங்ணா, ஒரு ஹெச்.பி. போதுங்களா, ரெண்டு வேணுங்களா?”

“ஹெச்.பி. இருக்கட்டுங்க தம்பி. மொதல்ல உங்க வீட்டு கேட்டை அளந்துட்டு வாங்க.”

அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மில்லிங்கில் கனம்தான் முதல் கணக்கு. 10 மில்லிமீட்டர் ஹெச்.எஸ்.எஸ். கட்டரை இரும்பில் நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகத்தில் ஓட்டினால் ஏறக்குறைய 800 சுற்று வரும். கட்டருக்கு நாலு பல். ஆக நிமிடத்துக்கு 3,200 அடி ஜாப்பின் மேல் விழுகிறது. அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்க வார்ப்பிரும்பு வேண்டும். கனமில்லாத அம்மியில் மிளகாய் அரைத்தால் அம்மியும் சேர்ந்து நகருமே, அந்தக் கதைதான்: மோட்டார் எத்தனை பெரிதானாலும் மெஷின் அதிரும், முகத்தில் அலை அலையாகத் தடம் விழும், கட்டர் முனை சீக்கிரம் போகும். வீட்டுக்குள் கொண்டுபோக முடிந்ததில் எது அதிகக் கனமோ அதை வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி.

பழைய ஹாரிசான்டல் மெஷின்கள் இன்னும் விலைக்கு வருகின்றன. பெங்களூரில் 1953-ல் தொடங்கிய எச்.எம்.டி., 1961-ல் வந்த பி.எஃப்.டபிள்யூ. இரண்டும் செய்தவை தலைமுறை தாண்டி ஓடுகின்றன. டன் கணக்கில் கனம், வீட்டுக்கு ஒத்துவராது. வீட்டுக்குப் பொருந்துவது டரெட் மில். அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் ஊரில் பன்னோ, வால்ஸ்ட்ராம் என்ற இருவர் 1938-ல் கொண்டுவந்த அமைப்பு. தலை சாயும், கழுத்து திரும்பும், ராம் முன்னும் பின்னும் போகும். நம் ஊர்ப் பட்டறைகளில் இந்த ரகத்தை எம்1டிஆர் என்று கேட்டால்தான் புரியும். கனம் ஏறக்குறைய ஒரு டன். 42 அங்குல டேபிள் இரண்டு பக்கமும் ஓரடி போய்வர வேண்டும். கைப்பிடிகளையும் சேர்த்தால் ஆறடிக்கு மேல் அகலம் காலியாக இருக்க வேண்டும். உயரம் ஏழடியை ஒட்டி வரும்.

புதிதாக வாங்கப் பணம் இருப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்கு செகண்ட்ஸ்தான். செகண்ட்ஸ் வாங்கப் போகும்போது பையில் ஒரு டயல் கேஜ், மேக்னெட் ஸ்டாண்ட், டார்ச், ஒரு துணி. புதுப் பெயின்ட் மினுமினுத்தால் எனக்குச் சந்தேகம் கூடும். ஆயில் நிப்பிள் மேலேயே பெயின்ட் ஓடியிருந்தால், அந்த மெஷினுக்கு எண்ணெய் விட்டு எத்தனை நாளாயிற்று என்று தெரிந்துவிடும்.

டேபிளை ஒரு ஓரத்துக்குத் தள்ளி, அடியில் ஸ்லைடில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கம்பெனியில் ஸ்கிராப்பிங் செய்த செதில் தடம் ஓரங்களில் இருக்கும். எப்போதும் நடுவிலேயே வேலை நடப்பதால் நடுவில் வழவழவென்று மறைந்திருக்கும். மறைந்தால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதில்லை. ஸ்லைடின் லூஸை எடுக்கும் ஜிப் பட்டையை நடுவில் லூஸ் இல்லாத அளவுக்கு இறுக்கிவிட்டு, டேபிளைக் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். ஓரத்தில் போய் இறுகி நின்றால் தேய்மானம் அதிகம்.

அடுத்தது பேக்லாஷ். டயலை டேபிளில் முட்டவைத்து, கைப்பிடியை ஒரு பக்கம் சுற்றி, முள் நகர்ந்ததும் நிறுத்தி, திரும்ப எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். முள் அசைவதற்குள் கைப்பிடி எத்தனை கோடு சும்மா போகிறது என்பதுதான் பேக்லாஷ். இதை நடுவில் ஒரு தடவை, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு தடவை. மூன்றிலும் ஒரே அளவு வந்தால் தேய்ந்தது நட். கன்மெட்டலில் புது நட் போட கோவையில் ஆளுக்கா பஞ்சம்? நடுவில் மட்டும் அதிகம் என்றால் ஸ்க்ரூவே தேய்ந்திருக்கிறது. அது பெரிய செலவு, விலையைக் குறைத்துப் பேசியாக வேண்டும். “டி.ஆர்.ஓ. போட்டிருக்குங்க, பேக்லாஷ் எல்லாம் ஒண்ணும் பண்ணாதுங்க” என்பார் விற்பவர். பாதி நிஜம். டி.ஆர்.ஓ. என்கிற டிஜிட்டல் டிஸ்ப்ளே டேபிள் நகர்ந்த அளவைச் சரியாகக் காட்டும். ஆனால் கட்டர் சுற்றும் திசையிலேயே ஜாப்பைத் தள்ளினால், கட்டர் டேபிளைப் பிடித்து இழுக்கும். அந்த லூஸ் அளவுக்கு டேபிள் பாயும், கட்டர் உடையும்.

கடைசியாக ஸ்பிண்டில். டேப்பருக்குள் விரலை விட்டால் கீறல் தெரியும். டயல் முனையை உள்ளே வைத்துக் கையால் சுற்றினால் முள் 0.01 மில்லிமீட்டருக்குள் ஆட வேண்டும். பிறகு உச்ச வேகத்தில் கால் மணி நேரம் ஓடவிட்டு, பேரிங் பக்கம் கை வையுங்கள். கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் கிளம்பிவிடலாம். டேப்பர் என்ன ரகம் என்பதையும் கேளுங்கள். ஆர்8, ஐஎஸ்ஓ 30, ஐஎஸ்ஓ 40 எதுவானாலும் ஹோல்டர் சுலபமாகக் கழன்று வரும். மோர்ஸ் டேப்பர் கவ்விக்கொள்ளும். கழற்ற ஒவ்வொரு முறையும் டிராபார் தலையில் தட்ட வேண்டும்.

வீட்டில் சிங்கிள் பேஸ்தானே என்று பயப்பட வேண்டாம். 230 வோல்ட் வாங்கி த்ரீ பேஸ் கொடுக்கும் வி.எஃப்.டி. கிடைக்கிறது. அதுவும் 230 வோல்ட்தான் கொடுக்கும். எனவே மோட்டார் 415-க்கு ஸ்டாரில் கட்டியதாக இருந்து, டெர்மினல் பெட்டியில் ஆறு முனையும் வெளியே வந்திருந்தால் டெல்டாவுக்கு மாற்றிக்கொள்ளலாம். வாங்கும் முன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

மாடியில் வாடகைக்கு இருப்பவருக்கு மேசை மேல் வைக்கும் குட்டி மில் தவிர வழியில்லை. 50 கிலோ ரகத்தில் அலுமினியமும் பித்தளையும் நன்றாக ஓடும், இரும்பில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பின்னால் இருப்பது உருளைத் தூணா, டவ்டெயில் தூணா? நீளமான டிரில்லால் துளை போட்டுவிட்டுக் குட்டையான எண்ட் மில் மாட்டத் தலையை இறக்கினால், உருளைத் தூணில் தலை பக்கவாட்டில் திரும்பிவிடும், பிடித்த சென்டர் போய்விடும். டவ்டெயிலில் அந்தத் தொல்லை இல்லை.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் மெஷினுக்கே கொடுத்துவிடாதீர்கள். நல்ல வைஸ், காலெட் செட், கிளாம்ப் செட், பேரலல், நாலைந்து கட்டர் என்று வாங்கினால் பழைய மெஷின் விலையில் பாதியை எட்டிவிடும். இதில் வைஸில் மட்டும் சிக்கனம் கூடாது. இறுக்கும்போது நகரும் தாடை எழும்பிக்கொள்ளும் வைஸில் எதையும் சதுரமாக எடுக்க முடியாது.

தம்பி கேட்டை அளந்து வந்தார், நாலரை அடி. டரெட் மில் நுழைந்துவிடும். தலையைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டினால் உயரமும் குறையும், கனமும் கீழே இறங்கும். குட்டி யானையில் ஏற்றாதீர்கள், அது தாங்குவது முக்கால் டன்; டாடா 407 லாரி பிடியுங்கள். இறக்க ஒரு ஹைட்ரா கிரேன், உள்ளே தள்ள நாலு ஜி.ஐ. பைப், இரண்டு கடப்பாரை. நின்றதும் அடியில் ஷிம் கொடுத்து லெவல் பார்த்து, தலையை நிமிர்த்தி, ஸ்பிண்டிலில் டயல் கட்டி டேபிள் மேல் வட்டமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். 200 மில்லிமீட்டர் வட்டத்தில் 0.02-க்குள் வரும்வரை தலை போல்ட்டைத் தளர்த்தி, தட்டி, இறுக்க வேண்டும். இறுக்கும்போது மறுபடி நகரும். முதல் தடவை அதற்கே ஒரு சாயங்காலம் போய்விடும்.