மணலில் கூடும் பேட்டை

திருவண்ணாமலையில் ஒரு சாலைக்கே மணலூர்பேட்டை சாலை என்று பெயர். தை ஐந்தாம் நாள் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வருவதும் இந்த ஊருக்குத்தான், தென்பெண்ணை ஆற்றுக்கு. ரதசப்தமிக்குக் கலசபாக்கம் செய்யாறு, மாசி மகத்துக்குப் பள்ளிகொண்டாப்பட்டு என்று அவருக்கு வேறு ஆற்றுப் பயணங்களும் உண்டு. தை ஐந்துதான் முதலில் வருவது.

மணலூர்பேட்டை 1993 வரை தென்னாற்காடு, பிறகு விழுப்புரம், 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். சாமி ஒவ்வொரு முறையும் மாவட்ட எல்லை தாண்டித்தான் வருகிறார், யாரும் கேட்பதில்லை.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் சந்தை கூட்ட ஓர் ஊருக்கு அரசன் பட்டயம் தர வேண்டியிருந்தது. இந்த ஊருக்குப் பெயரே பட்டயம்: மணலும் இருக்கிறது, பேட்டையும் இருக்கிறது. ஆற்றுத் திருவிழாவன்று இரண்டும் ஒன்றாகிவிடும். கரும்புக் கட்டு, பலூன், வளையல், பொரி என்று கடைகள் மணலிலேயே இறங்கிவிடும். ஆனால் நடுநாட்டுக்காரர்கள் தேடிப்போவது சிறுவள்ளிக்கிழங்கை. தோலோடு அவித்து உரித்தால் மாவாக உதிரும். அது வாங்காமல் வீடு திரும்பினால் ஆற்றுக்குப் போனதாகவே பாட்டிமார் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஊருக்குப் பக்கத்திலேயே ஜம்பை. கல்வெட்டு படிப்பவர்களுக்குத் திருவண்ணாமலையைவிட இதுதான் பெரிய மலை என்பேன். அசோகர் தன் கல்வெட்டில் சேர, சோழ, பாண்டியரோடு சேர்த்துச் சொன்ன 'சதியபுதோ' யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் மல்லுக்கட்டினார்கள். 1981இல் ஜம்பை மலைக் குகையில் ஒரே வரித் தமிழி எழுத்து கிடைத்தது. அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த உறைவிடம் என்று சொல்லும் அந்த வரி, அவன் பெயருக்கு முன்னால் அதே பட்டத்தை வைத்திருந்தது. ஔவைக்கு நெல்லிக்கனி தந்தவன் அசோகரின் பட்டியலுக்குள் வந்துவிட்டான். குகையைப் பார்த்து வர அரை நாள் ஒதுக்குங்கள். வெயிலுக்கு முன் ஏறிவிடுவது நல்லது.

தென்பெண்ணையின் குணம் மேலே சாத்தனூர் அணையின் கையில். 1958இல் கட்டி முடித்த அணை அது. தண்ணீர் விடாத ஆண்டுகளில் கணுக்கால் நனைந்தாலே புண்ணியம். 2024 டிசம்பர் 2 விடியற்காலை, ஃபெஞ்சல் புயல் மழையில், வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். கரையோர ஊர்களில் வீட்டுக்குள் ஆறு வந்தது. சரியாக ஒன்றரை மாதத்தில் தை ஐந்து.

சிறுவள்ளி வாங்கும்போது ஒன்று: கழுவி அடுக்கியதை விடுங்கள். மண் ஒட்டியதைப் பார்த்து எடுங்கள், நாலு நாள் கூடுதலாக இருக்கும்.